காப்பெட்டுக்கு அடியில் நின்ற தண்ணீர்

வெள்ளத் தண்ணீருக்குள்ளால் ஓடி வந்த வாகனம் அன்றைக்கே நின்றுபோனால் எங்களைப் போன்ற வயரிங்காரர்களுக்கு நிம்மதி. ஒரு கோளாறும் காட்டாமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் பயம். வாகனத் தரையில் விரித்த ஈரக் காப்பெட்டுக்குள் கையை விட்டுத் துழாவிய எவருக்கும் இது புரியும். புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், நன்றாகத் தூங்குவார்கள்.

இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழுதான ரேடியோக்களைக் கழற்றி, ஃபோனில் வீடியோ பார்த்து, எத்தனையோ ஃபியூஸ்களை எரித்துப் பிடித்துக்கொண்டேன். கண்டிக்குப் பக்கம் பிலிமத்தலாவையில் ஒரு கராஜ். பகலில் அது மெக்கானிக்மாருக்கு, அவர்கள் போன பிறகு விடியும்வரை எனக்கு. போன பெரிய மழைக்குப் பிறகு வரிசையாக வாகனங்கள் வந்தன. அதில் ஒன்று திகனயில் ஓடுகிற ஸ்கூல் வேன். பதினொரு பிள்ளைகள் ஏறுகிற வேன். 'சரி, கொண்டு போங்க' என்று அதை அனுப்பி வைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கிழமைகளில் நான் எந்த நிலைமையில் இருந்தேன் என்பது விளங்க, வேறு இரண்டு வாகனங்களை முதலில் சொல்ல வேண்டும்.

குளித்துவிட்டு வந்த கார்

கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் காரைக் கொண்டு வந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி மினுங்கியது. "தண்ணி எவ்வளவு ஏறுச்சு?" என்று கேட்டேன். "ரயர் நனைஞ்சது, அவ்வளவுதான்" என்றார். நம் பக்கத்தில் எவரும் அழுக்கு வாகனத்தை பாஸிடம், அதாவது எங்களைப் போன்ற வேலைக்காரரிடம், கொண்டு போவதில்லை. முதலில் சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டு, எஞ்சின் வரைக்கும் பம்ப் அடித்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். வெள்ளம் எட்டாத மூலைக்கும் அந்தப் பம்ப் தண்ணீரை ஏற்றிவிடும். தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டுகிற சேற்றுக் கோட்டையும் அழித்துவிடும்.

நான் டிரைவர் பக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த கடைசி முழம் சேற்று நிறத்தில் வந்தது. அப்போது என் மற்றக் கை சீட்டுக்கு அடியில், வயர்களை இணைக்கிற மஞ்சள் சொக்கட் ஒன்றின் மேல் இருந்தது. மஞ்சள் என்றால் எயார் பேக். நனைந்திருக்கிறது என்று தெரியாமல் கரண்ட் பார்க்கிற மீட்டரை வைத்திருந்தால் என் முகத்திலேயே வெடித்திருக்கலாம். கையை மெல்ல எடுத்தேன். பெல்ட்டைக் காட்டினேன். ஐயா அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓம், தண்ணி சீற் வரைக்கும் வந்ததுதான். எண்டாலும் ஊத்தைக் காரை எப்பிடி உங்கட வாசலில கொண்டு வந்து விடுறது?"

கராம்புச் சூடு

கலகெதரயில் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் ஹாஜியார் ஒருவரின் கார். பெட்டரியின் வயர்களைப் பூட்டிச் சாவியைத் திருப்பியதும் எரிகிற வாசம். வெளியே பாய்ந்து தீயணைப்புச் சிலிண்டரைத் தேடி ஓடினேன். திரும்பி வந்தால் புகையுமில்லை, நெருப்புமில்லை, வாசம் மட்டும் இருந்தது. பல்வலிக்கு வைக்கிற அதே வாசம்.

காரின் கம்பியூட்டர் பெட்டியைக் கழற்றினேன். சொக்கட்டின் ஓரம் உருகி வளைந்திருந்தது. ஹாஜியார் தானே அதைக் கழற்றி, கராம்பு உலர்த்தும் ட்ரையரில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு, திரும்பப் பூட்டிக் கொண்டு வந்திருக்கிறார். இவ்வளவு சூட்டில் இது தாங்காது என்று சொன்னேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. "அதே சூட்டுலதானே பாஸ் கராம்பும் கெடந்திச்சி, அதுக்கு ஒண்டும் ஆவல்லயே."

மெஷின் சொன்னால் சரி

முதலில் சொன்ன அந்த ஸ்கூல் வேன் வந்தது இதற்குப் பிறகு. அதை ஓட்டுகிறவர் நிசாம் நானா; மூத்த முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். பேராதனைக்கு வாடகை ஹயர் போன இடத்தில், கன்னொறுவைப் பக்கம் ரோட்டில் நின்ற தண்ணீருக்குள்ளால் ஓட்டியிருக்கிறார். ஏறுகிற படிவரை நனைந்ததாம். இடப்பக்கக் கதவு, சுவிட்சைத் தட்டினால் தானாகவே வழுக்கித் திறக்கிற கதவு. முன் காப்பெட்டைத் தூக்கிக் காய வைத்தேன். சொக்கட்டுகளைத் துடைத்து ஈரம் போக்கும் மருந்தடித்தேன். ஸ்கேன் மெஷினை மாட்டிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை என்றது.

பின்னால் சீட்டுகளைக் கழற்றி அங்கேயுள்ள காப்பெட்டையும் தூக்க வேண்டும், இன்னும் இரண்டு நாள் கொடுங்கள் என்றேன். திங்கட்கிழமை ஸ்கூல் தொடங்குகிறது, வேன் வராவிட்டால் தாய்மார் வேறு வேன் பிடித்துவிடுவார்கள் என்றார். நான் இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். நித்திரைக் களைப்பு. மெஷினும் நல்ல சாட்சி சொல்லிவிட்டது. நிசாம் நானா சாவியை வாங்கிக்கொண்டு சிரித்தார். "ஒங்கட மெஷினே ஒண்டுமில்லண்டு சொல்லுது. பொறகு நீங்க என்னத்துக்கு இப்பிடி முழிக்கிற?"

கெங்கல்லை ஏற்றம்

மூன்று கிழமை கழித்து, காலையில் நான் வீட்டுக்குப் போய்ப் படுத்த நேரம் நிசாம் நானாவின் ஃபோன் கோல். கெங்கல்லைக்குக் கிட்ட ஏற்றத்தில், வாகன நெரிசலில் ஊர்ந்து போகும்போது கதவு திறந்துவிட்டது. கதவோரம் சப்னா என்ற சின்னப் பிள்ளை. அந்த இடத்தில் இடப்பக்கம் பள்ளம். பக்கத்தில் இருந்த பெரிய பிள்ளை அவளுடைய கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். புத்தகப் பை மட்டும் பள்ளத்துக்குள் போய்விட்டது. வேனை அசைக்க வேண்டாம், பெட்டரியைக் கழற்றி வையுங்கள், வருகிறேன் என்றேன். பஸ்ஸில் போன அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளையின் முகத்தைக் கற்பனை பண்ணிக்கொண்டே போனேன். நான் அவளைக் கண்டதேயில்லை.

நான் போய்ச் சேரும்போது மற்றப் பிள்ளைகள் வேறு வேனில் போய்விட்டார்கள். சப்னாவின் உம்மா த்ரீவீலரில் வந்திருந்தார். பிள்ளை அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதது. விழப் பார்த்ததற்கு அல்ல, நிசாம் நானா ஏசியதற்கு. "சுவிட்சைத் தொடாத, தொடாதண்டு எத்தின தரம் சொல்லீக்கிறன்" என்று அவர் இன்னும் நிறுத்தவில்லை. தொடவேயில்லை என்று பிள்ளை சொல்வதை யாரும் கேட்கவில்லை.

நான் தலையாட்டினால் போதும். சின்னப் பிள்ளை தட்டிவிட்டது என்று கதை முடிந்துவிடும். என் பெயர் கெடாது, நிசாம் நானாவின் வேனுக்கும் ஆள் குறையாது. பயந்தவன் மனதில் இப்படியும் ஓடும், ஒளிப்பானேன். உம்மா நிசாம் நானாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மகள் தொறந்தாவா, கதவு தானாத் தொறந்திச்சா? எனக்கு அத மட்டும் சொல்லுங்க."

பச்சை

சீட்டைக் கழற்றிப் பின் காப்பெட்டை உரித்தேன். அடியில் இருந்த பஞ்சு இன்னும் சொதசொதவென்று இருந்தது. மேலே தொட்டால் காய்ந்த காப்பெட், கீழே மூன்று கிழமைத் தண்ணீர். அதற்குள் ஒரு சொக்கட், பாசி பிடித்த மாதிரிப் பச்சை, செம்புக் களிம்பு. சுவிட்சிலிருந்து வருகிற வயரும் பக்கத்து வயரும் அந்தப் பச்சையால் ஒட்டிக்கொண்டால், யாரோ சுவிட்சைத் தட்டினார்கள் என்று வேன் நினைத்துக்கொள்ளும்.

பிள்ளையை எட்ட நிற்கச் சொல்லிவிட்டுப் பெட்டரியைப் பூட்டினேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் எவருமில்லை. பேனையால் அந்த வயரைத் தொட்டு அசைத்தேன். பூட்டு 'டக்' என்றது, கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. அவ்வளவு மெதுவாகத் திறந்ததுதான் எனக்கு இன்னும் பயம். நாங்கள் நான்கு பேரும் அந்தத் திறந்த வாசலுக்கு அப்பால் தெரிந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"புள்ள தொடல" என்றேன். "இந்தக் காப்பெட்டைத் தூக்கிப் பாக்காம அனுப்புனது நான்தான்." உம்மா மகளின் தலையைத் தடவினார். நிசாம் நானா தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டு, திரும்பவும் கழற்றினார். எனக்குச் செம ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவசரப்படுத்தின நானும்தானே. இப்ப புள்ளட்ட மாப்புக் கேக்கோணும். நீங்களும் வாங்க பாஸ், தனியப் போக வெக்கமா ஈக்குது."

அந்தக் கதவு இப்போது கையால் இழுத்தால்தான் திறக்கும். அதன் மோட்டாரைக் கழற்றி என் மேசையில் வைத்திருக்கிறேன், வயர் ஒன்றுமே மாட்டாத அந்த மோட்டார் ஒன்றைத்தான் இன்றைய தேதிக்கு நூறு வீதம் சரியென்று எழுதித் தர எனக்குத் தைரியம் இருக்கிறது.