பேக்கில் ஆள் இல்லாத வருஷம்

போன மாதம் வரை என் மணிபர்ஸில் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் இருந்தது. பர்ஸை மூன்று முறை மாற்றியிருப்பேன், படம் ஒவ்வொன்றிலும் கூடவே வந்தது. மனைவியின் படமல்ல, பிள்ளையின் படமும் அல்ல. என் அக்காவின் கணவருடையது. முப்பதை எட்டப்போகிற வயது, மழுங்கச் சிரைத்த முகம், இரண்டு காதும் தெரிய வெட்டிய முடி, போலீஸ்காரர் மிரட்டி உட்கார வைத்ததுபோல ஒரு பார்வை. முகத்தில் ஒன்றுமில்லை. எல்லாம் முகத்துக்குப் பின்னால்தான் இருந்தது. பின்னால் வெள்ளை. எங்கள் கடற்கரை ஊரில் இருந்த ஒரே ஸ்டுடியோவில் நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் நீலத்துணிதான் தொங்கும். ரேஷன் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் அந்த நீலம் போதும். வெள்ளை வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்பது ஊருக்கே தெரியும். வளைகுடா விசாவுக்கு.

அந்தப் படம் என் கைக்கு வந்தது 2009இல், கால்பந்து சீசன் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு. பக்கத்துக் கடற்கரை ஊர்கள் சேர்ந்து ஒரு லீக் நடத்தின. மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் கரையில் இருக்கும்போது தொடங்கி, சுதந்திர தின விடுமுறையில் இறுதிப் போட்டி. ஒவ்வொரு ஊரும் பதினெட்டுப் பேரின் பெயரையும் படத்தையும் ஒட்டி லிஸ்ட் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஒரு பெயரை எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. எங்கள் டீமில் நான் கோல் கீப்பர். லிஸ்ட் ஒட்டும் வேலையும் என்னுடையது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் வேறு. நான் பிறவிச் சந்தேகக்காரன். ஒருவன் எந்தக் காலால் அடிப்பான் என்று அவன் தோளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற புத்தி, மைதானத்துக்கு வெளியேயும் சும்மா இருக்காது.

எங்கள் டீமுக்குப் பஞ்சமெல்லாம் பேக்கில்தான். கோல் அடிக்க ஆசைப்படுகிறவன் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பான். பின்னால் நின்று தடுக்கிறவன் கிடைக்கமாட்டான். அந்த நிதானம் வர இருபத்தேழு, இருபத்தெட்டு வயதாகும். அதுதான் விசா வருகிற வயதும். வருடத்துக்கு ஒரு பேக் விமானம் ஏறிவிடுவான். ஏறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சொல்லாமல் ஏறுவார்கள். விசா வந்து, மெடிக்கல் முடிந்து, பெட்டியும் கட்டியிருக்கும், கேட்டால் “யாரு மக்கா சொன்னா? நான் எங்கயும் போவல்ல” என்பார்கள். கண்பட்டுவிடும் என்று பயம், கடைசி நேரத்தில் தட்டிப்போனால் ஊர் சிரிக்குமே என்று அதைவிடப் பெரிய பயம். ஒருநாள் காலைப் பூசைக்குப் போகும்போது வாசலில் கார் நிற்கும், அப்போதுதான் தெரியும். முந்தைய வருடம் எங்கள் லெஃப்ட் பேக் சனிக்கிழமை பயிற்சியில் அந்தோணியார் மேல் ஆணையிட்டான். திங்கட்கிழமை தோஹாவில் இருந்தான். அந்த சீசனில் என் இடப்பக்கமாக வந்த கோல்களை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஒருவன் ‘போகவில்லை’ என்று அழுத்திச் சொன்னால், பெட்டி கட்டிவிட்டான் என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

மச்சான் எங்கள் ஸ்டாப்பர் பேக். எனக்கு நேர் முன்னால் நிற்பவர். பெரிய ஓட்டக்காரர் இல்லை, ஆனால் பந்து எங்கே வரும் என்று தெரிந்து அங்கே முன்பே நிற்பார். “ஏலே, ஏறி நில்லு”, “இந்தால விடு, இந்தால” என்று ஆட்டம் முழுக்க அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் இருக்கிற வரை எனக்குப் பாதி வேலை. இப்படிப்பட்டவர் வெள்ளைப் பின்னணியில் ஒரு படத்தைக் கொண்டு வந்து, லிஸ்டுக்கு என்று என் கையில் கொடுத்தால் நான் என்ன நினைப்பது? முன்பே வேறு சிலவும் கண்ணில் பட்டிருந்தன. இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை. கேட்டதற்குத் திருவனந்தபுரத்தில் ஒரு துக்கவீடு என்றார். திருவனந்தபுரத்தில் எங்களுக்குச் சாவதற்கு ஆளே கிடையாது, விசா மெடிக்கல் எடுக்கிற இடம்தான் உண்டு. திரும்பி வந்த அன்று முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ரத்தம் எடுத்த இடம். அதற்கு முந்தின வாரம்தான் அக்கா வந்து அம்மாவிடம் சக்கரம் வைத்த பெட்டியைக் கேட்டு வாங்கிப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து படிப்பகத்தில் கூடினோம். கேரம் போர்டை மேசையாக்கி, கருப்புக் காய்களைப் பேக்குகளாக வைத்து கேப்டன் கணக்குப் போட்டான். நாலு காய். ஒன்றைத் தள்ளினான். “தடைக்காலம் முடிஞ்சா ரைட் பேக் தங்கலுக்குப் போவான். செமி பைனலுக்கு அவன் கடல்ல கெடப்பான்.” தங்கல் என்றால் போட்டிலேயே வாரக்கணக்கில் தங்கிப் பிடிக்கிற மீன்பிடிப்பு, நடுவில் கரை கிடையாது. இன்னொரு காயைப் பாதி தள்ளினான். புது லெஃப்ட் பேக்குக்கு முழங்கால் முட்டு சரியில்லை. “இவன் பாதி ஆளு.” மூன்றாவதாக ஒருவன், அவன் எதிராளியின் காலைத்தான் பார்ப்பான், பந்தைப் பார்க்கமாட்டான். செக்ரட்டரி நாலாவது காயைத் தொட்டு, “ஸ்டாப்பர் உண்டுல்லா, பொறவு என்னத்துக்குப் பேடிக்கணும்?” என்றார். நான் கையை நீட்டி அந்தக் காயை எடுத்தேன். அது இருந்த இடத்தில் மச்சானின் படத்தை வைத்தேன். வெள்ளையைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள்.

மச்சான் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். “நான் போவல்ல மக்கா. இந்த சீசன் முழுக்க நான் உண்டு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். “லெஃப்ட் பேக்கும் இதத்தான சொன்னான்” என்றான் ஒருவன். நான் சிரிக்கவில்லை. “படத்துக்குப் பொறத்தால வெள்ளையா இருக்கே மச்சான்?” என்று கேட்டேன். “எடுத்தது விசாவுக்குத்தான். மிச்சம் கெடந்துது, தந்தேன். ஆனா போவல்ல.” “ஏன் போவல்ல?” அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. என்னையே பார்த்தார். ஏதாவது ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்லியிருந்தால்கூட நாங்கள் நம்பியிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மௌனத்தைத்தான் நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். “நாளைக்கு லிஸ்ட் குடுக்கணும். போற ஆளுக்குப் பேர எழுதி ஒரு எடத்த வீணாக்க முடியாது” என்றேன். மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இடத்துக்குக் கீரிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரரைப் பிடித்தோம். முன்பு ஒரு டோர்னமெண்டில் எங்களுக்கு எதிராக ஆடிய நல்ல ஸ்டாப்பர். மழையில் ரப்பர் வெட்ட முடியாது, சீசனோ மழைக்காலம், ஆகவே ஆள் எப்போதும் கிடைப்பார் என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அவருடைய நீலப் பின்னணிப் படத்தைப் பசை தடவி ஒட்டினேன். மச்சானின் படத்தைத் திருப்பிக் கொடுக்க முகமில்லாமல் பர்ஸில் வைத்தேன்.

பிறகு காத்திருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், மச்சான் போவதற்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் அக்கா வீட்டு வாசலில் கார் நிற்கிறதா என்று பார்த்தேன். கார் வரவில்லை. விசா தாமதம், டிக்கெட் கிடைத்திருக்காது என்று நானே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்காவிடம் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீனின் செதிலை உரசினாள். மச்சான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தார். முன்னால் நிற்க வேண்டியவர் என் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்றார். எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது, நான் தோற்பதைப் பார்க்க வருகிறார் என்று.

செமி பைனல் வாரத்தில் மழை விட்டு வெயில் அடித்தது. பால்வெட்டுக்காரர் போனில் மன்னிப்புக் கேட்டார், மரம் உலர்ந்துவிட்டது, வேலையை விட்டு வர முடியாது. ரைட் பேக் கடலில். முட்டு சரியில்லாதவனையும் காலைப் பார்க்கிறவனையும் வைத்து ஆடினோம். நாலு கோல். நாலாவது பந்து வலையைக் கிழித்துக்கொண்டு பின்னால் போனது. எடுக்கத் திரும்பினேன். மச்சான் அதை ஏற்கெனவே எடுத்து, ஒட்டியிருந்த மணலைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையில் கொடுத்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். “ஒனக்கு இப்பம் திருப்தியாலே?” என்றாள். விசா வந்தது உண்மை. பெட்டி வாங்கியதும் உண்மை. மெடிக்கலில் எக்ஸ்ரே எடுத்தபோது, சிறு வயதில் வந்து குணமாகிப்போன காசநோயின் தழும்பு நெஞ்சில் தெரிந்திருக்கிறது. அன்ஃபிட் என்று எழுதிவிட்டார்கள். ஒருமுறை அன்ஃபிட் என்றால் எந்த வளைகுடா நாட்டுக்கும் விசா கிடையாது, வேறு ஏஜெண்டு என்று போகவும் வழியில்லை. “நெஞ்சில நோயின்னு தெரிஞ்சா ஒரு வீட்டுல வெள்ளம் குடிக்கத் தருவாவளா? அதான் அம்மைக்கிட்ட கூட மூச்சு விடப்பிடாதுன்னாரு. கல்ஃபு போச்சு, பந்தாவது உண்டேன்னு ஒரு ஆறுதல்ல இருந்தாரு. அதையும் நீ எடுத்துப்போட்ட.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். மச்சான் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சாளை மீன் வரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், நானும் கோழையைப் போல அதைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். அடுத்த வருடம் கூப்பிட்டபோது, “போதும்லே, வயசாச்சு” என்று ஆட மறுத்துவிட்டார். லிஸ்ட் ஒட்டும் வேலையை மட்டும் நான் அவரிடம் தள்ளினேன். பசை டப்பாவைத் தொடவே எனக்குக் கூசியது.

அதற்கும் அடுத்த வருடம் எனக்கு விசா வந்தது. நான் புத்திசாலி அல்லவா? வெள்ளையில் எடுத்த அன்றே நீலத்துணியைத் தொங்கவிடச் சொல்லி இன்னொரு படமும் எடுத்துக்கொண்டேன், லிஸ்டுக்கு. படிப்பகத்தில் அதே கேரம் போர்டு. “ஒனக்கு விசா வந்தாச்சுன்னு கேட்டோமே?” என்றார் செக்ரட்டரி. “இல்ல, யாரு சொன்னா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு கீப்பர் பெயரையும் சேர்த்துக்கொள்வோம், பேக்கில் ஒரு ஆளைக் குறைப்போம் என்றான் கேப்டன். மச்சான் என் படத்தைக் கையில் வைத்துப் பார்த்தார். காது தெரிய வெட்டிய முடி, மழுங்கச் சிரைத்த முகம். அந்தக் கோலத்தை அவரைவிட யாருக்குத் தெரியும்? “அவன் இல்லன்னு சொன்னா இல்லதான். பேக்கில ஆள கொறைக்கண்டாம்” என்று சொல்லிப் பசை தடவி ஒட்டினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாவது வாரம் என் வீட்டு வாசலில் கார் நின்றது.

நான் போன பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் கோலுக்கு ஆளில்லாமல் ஒரு பார்வர்ட் நின்றானாம், ஆறு கோல். ஊரே மச்சானைத் திட்டியிருக்கிறது. “அவன் சொன்னான், நான் நம்பினேன்” என்பதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை என்று அக்கா போனில் சொன்னாள். அங்கே வளைகுடா அறையில் எத்தனையோ வெள்ளிக்கிழமை விடுமுறைகள் இதையே நினைத்துக் கிடந்திருக்கிறேன். உண்மையிலேயே நம்பினாரா? தெரிந்தே ஒட்டினாரா? நம்பப்படாதவனின் வேதனை தெரிந்ததால் செய்த நல்லதா, பொய் சொன்ன உறுத்தலை நான் அனுபவிக்கட்டும் என்று செய்ததா? என் புத்தி இதில் ஒரு பக்கமும் சாயமாட்டேன் என்கிறது. அவருடைய தோளைப் பார்த்து நான் ஒருநாளும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

போன மாதம் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். திரும்பி வந்தேன், ஒரேயடியாக. ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்குப் போனால் அதே கேரம் போர்டில் கருப்புக் காய்கள், பேக்கில் ஆளில்லை என்று அதே சண்டை. மச்சானுக்கு முன்முடி போய்விட்டது, கண்ணாடி போட்டுக்கொண்டு லிஸ்ட் ஒட்டிக்கொண்டிருந்தார். “லீவு எத்தன நாளு?” என்று யாரோ கேட்டார்கள். “லீவு இல்ல. இனி போவல்ல” என்றேன். சிரிப்பு கூரையைத் தொட்டது. “போவல்லியாம்” என்று ஒருவன் இன்னொருவனின் முதுகில் தட்டினான். ஏன் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்கிற சொல் அத்தனை பேர் நடுவில் வரவில்லை. அந்தக் கதவருகில் மச்சான் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

மச்சான் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. பேனாவை எடுத்தார். “இனி ஒன்னால கோலுக்குள்ள சாடிப் பந்து பிடிக்க முடியாது. பேக்கில நில்லு” என்று பெயரை எழுதினார். பிறகு கையை நீட்டினார். “படம் தா. வெள்ளையோ நீலமோ, இருக்கியது ஒண்ணு.”

பர்ஸைத் திறந்தேன். அதில் இருந்தது அவர் படம் மட்டும்தான். அதைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தார். “இது ஒனக்க கையிலயா கெடந்துது இத்தன நாளும்?” என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “ஒனக்க படத்த நாளைக்குக் கொண்டா.”