பச்சைப் புள்ளிக்குப் பின்பக்கம்

பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோடியத்தைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, அதே சோடியத்தை வீட்டில் ஒரு இதய நோயாளிக்குச் சோற்றோடு பிசைந்து வைத்துக்கொண்டிருந்தேன். இதை எப்படித் திருப்பிப் போட்டுச் சொன்னாலும் எனக்குச் சாதகமாக வரவில்லை.

தச்சநல்லூர் வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் மாமியார். வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். அத்தைக்கு இதயம் பலவீனம் என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா போன வருடம் சொல்லிவிட்டார். நாள் முழுக்க எல்லாம் சேர்த்து அரைத் தேக்கரண்டி உப்பு, அதற்கு மேல் ஒரு கல் கூடாது. அன்றிலிருந்து என் சமையல் அத்தையின் வாயில் படாதபாடு பட்டது.

"சாம்பாரா இது? ஆத்துத் தண்ணிய மோந்து மஞ்சப்பொடியப் போட்டுக் கொண்டாந்துட்டியாட்டி?"

அத்தைக்கு எதில் வேண்டுமானாலும் ஒப்புக்குப் பேச வரும், சாப்பாட்டில் வராது. கல்யாண வீட்டுப் பந்தியிலேயே ரசத்தைக் குறை சொல்லிவிட்டு வந்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய்விட்டதாக எல்லாரிடமும் சொல்வேன். மரத்தெல்லாம் போகவில்லை.

பரீட்சை நேரத்தில் காலைச் சிறப்பு வகுப்பு போட்டார்கள். விடிந்ததும் கிளம்ப வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வழியில்லை. அத்தை பிறவிச் சைவம். மாமனார் காலமான பிறகு வெங்காயத்தையும் பூண்டையும்கூட விட்டுவிட்டவர். ஓட்டல் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அப்போதுதான் வண்ணார்பேட்டை சூப்பர் மார்க்கெட்டில் அந்தச் சாம்பார் சாதப் பாக்கெட்டைப் பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரில் பையோடு போட்டு எடுத்தால் சாப்பாடு தயார்.

அட்டையை விடைத்தாள் திருத்துகிற மாதிரித்தான் படித்தேன். சைவம் என்று காட்டுகிற பச்சைப் புள்ளி இருந்தது. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. முட்டை, மீன் எதுவும் ஓடாத இயந்திரத்தில் செய்ததா என்றுகூடத் தேடினேன். பின்பக்கச் சத்துக் கணக்குக் கட்டத்தில் புரதம் பரவாயில்லை, கொழுப்பும் குறைவு. சேர்மானப் பட்டியலில் உப்பு கடைசிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதிகம் சேர்த்ததை முதலில் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். வாலில் கிடக்கிற உப்பு எவ்வளவு இருந்துவிடப் போகிறது என்று கூடையில் போட்டேன். ஆசாரத்துக்குத் தேடியதில் கால்வாசி கவனத்தை அந்தக் கட்டத்தின் கடைசி வரிக்குக் கொடுத்திருக்கலாம்.

காலையில் அதைச் சூடாக்கி, ஹாட்பாக்ஸில் கொட்டி, மேலே கொஞ்சம் நெய்யும் கறிவேப்பிலையும் தாளித்துப் போட்டுவிட்டுப் போனேன். கறிவேப்பிலை எதற்கு? நானே வைத்தது மாதிரி இருக்கத்தான். காலிப் பையைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துப் பள்ளிக்கூடக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

சாயங்காலம் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இன்னைக்குத்தான் சாம்பார் சாதம் வாய்க்கு வெளங்குச்சு. ஒனக்கும் கை வந்துட்டு."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது சிரிப்புதான். இத்தனை வருடம் கழித்து வந்த வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அவசரத்துக்கென்று வாங்கியது வாரம் ஒன்றாகி, பிறகு பள்ளி நாளெல்லாம் அதுவே ஆகிவிட்டது. பரீட்சை முடிந்தும் நான் நிறுத்தவில்லை.

சித்திரையில் அத்தையின் கால் வீங்கியது. செருப்பு வார் பாதத்தில் பள்ளம் பள்ளமாகப் பதிந்தது. குளித்துவிட்டு வருவதற்குள் மூச்சு வாங்கியது. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"சாப்பாட்டுல உப்பு எப்படிம்மா?" என்று அவர் கேட்டார்.

அத்தை முந்திக்கொண்டார். "எம் மருமவ உப்பு டப்பாவைப் பூட்டுப் போட்டுல்லா வச்சிருக்கா டாக்டர்!"

டாக்டரம்மா என்னைப் பார்த்து மெச்சுகிற மாதிரிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. அதில் உப்பு குறைவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. அத்தையின் எதிரில் என் கைப்பக்குவம் கடையில் வாங்கியது என்று சொல்ல வேண்டுமே. அந்த வெட்கத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன், டாக்டரம்மா வீக்கத்தை வடிக்கிற நீர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் ஒளித்து வைத்திருந்த பாக்கெட்டை எடுத்து முழுசாகப் படித்தேன். கட்டத்தின் கடைசி வரி சோடியம். போட்டிருந்தது நூறு கிராமுக்கான கணக்கு, பை முந்நூறு கிராம். மூன்றால் பெருக்கினேன். சோடியத்தை உப்பாக்க இரண்டரையால் பெருக்க வேண்டும், அதையும் பெருக்கினேன். பிள்ளைகள் வாய்க்கணக்காகவே போட்டுவிடுகிற கணக்கு. பிறகு கரண்டியில் அவ்வளவு உப்பை அள்ளி ஒரு தட்டில் கொட்டிப் பார்த்தேன். அத்தையின் ஒரு நாள் உப்பு முழுவதும் அந்த ஒரு வேளைச் சோற்றிலேயே இருந்தது, அதற்கு மேலும் கொஞ்சம். காலை இட்லியும் ராத்திரிச் சாப்பாடும் தனி.

 அந்தக் கிழவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தேனே என்று பயந்துவிட்டேன்.

மறுநாள் காலை, மாத்திரையைப் புது அளவில் கொடுக்காமல், பாக்கெட்டோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டு என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்லா?" என்று மட்டும் கேட்டார். இதை நிறுத்துங்கள், மாத்திரை பழைய அளவிலேயே இருக்கட்டும், ஒரு வாரம் பார்ப்போம் என்றார்.

திரும்பி வந்து அத்தையின் காலடியில் உட்கார்ந்து, கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட்டையும் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்ட்டி."

"தெரியுமா? எப்பம் அத்தை?"

"மொத நாளே. ஒரு வருசமா உப்பில்லாத நாக்கு, அதுக்குத் தெரியாதா? நீ ஆக்குனா அப்படி இருக்காது."

"பொறவு ஏன் அத்தை சொல்லல? டாக்டர்ட்டயும் மறைச்சிட்டீங்களே!"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "சொன்னா நிறுத்திருவல்லா."

நான் ஒரு நல்ல வார்த்தைக்காக மறைத்திருந்தேன், அவர் ஒரு வாய் ருசிக்காக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருடைய ஆசை நியாயமாகத்தான் தெரிகிறது. உப்பைக் குறைத்த நாளிலிருந்து புளியோ மிளகோ எலுமிச்சையோ கொஞ்சம் கூட்டி அந்தச் சோற்றை ஒப்பேற்றலாம் என்று நான் மெனக்கெட்டதே இல்லை. டாக்டர் சொன்னார், உப்பை எடுத்தேன், அவ்வளவுதான். திட்டினால் கோபப்பட்டேனே தவிர, பசியோடு எழுந்து போகிறார் என்று நினைக்கவில்லை.

அன்று பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு மதியம் நானே சாம்பார் வைத்தேன். கொத்தமல்லி வறுத்து அரைத்து, எலுமிச்சை பிழிந்து, உப்பை அளந்து போட்டேன். அத்தை மெதுவாக ஒவ்வொரு கவளமாக எடுத்து விழுங்கினார். ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். வசவுக்குத் தயாராக நான் பக்கத்திலேயே நின்றேன்.

தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லாத்தான்ட்டி இருக்கு," என்றார்.

என் சமையலுக்கு அத்தை சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். நானும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். நல்லா இல்லை.