தோணி ஓடாத மாதங்களில் எங்கள் அப்பா

அப்பா ஆண்டவரிடம் போய் ஒரு வருஷம் நிறைகிறது. பூசைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். அதிகம் படிக்காதவன் எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது திரேஸ்புரத்தில். மீசை முளைக்குமுன்பே தோணி ஏறினார்கள். சோறாக்கி, பாய் கட்டி, சுக்கான் பிடித்து, கடைசியில் தோணிக்கே தலைவரான தண்டலாகிக் கொழும்புக்குச் சரக்குத் தோணியை நடத்தினார்கள். ஒருமுறை பாய்மரம் முறிந்து, அப்பா கடலோடு போய்விட்டார்கள் என்று இங்கே எல்லாரும் அழுது தீர்த்தபிறகு உயிரோடு வந்து இறங்கினார்கள். "மாதா காப்பாத்துனா" என்பதோடு சரி, பெருமை பேசியதில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வீட்டில் இருந்த அப்பாதான். கோடையில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வலுத்துவிட்டால் கடல் மூடிக்கொள்ளும். தோணிகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். எங்களுக்கும் பள்ளிக்கூடம் லீவு. அந்த நாட்களுக்கு மணி கிடையாது. விழித்தால் காலை, பசித்தால் மத்தியானம். வேப்பமரத்தடியில் தோணியின் பாய்த்துணியை விரித்து அப்பா கிழிசல் தைப்பார்கள். காற்று அடியில் புகுந்து அதை மெல்லத் தூக்கும். நாங்கள் அதற்குள் படுத்து, வெயில் மஞ்சளாக இறங்குவதைப் பார்த்தபடியே தூங்கிப்போவோம். யாராவது நுங்கு கொண்டுவந்தால் எழுந்திருப்போம்.

அதில் ஒரு கோடையைச் சொல்லவேண்டும். புதுத் துறைமுகம் வந்த புதிது அது. கடைசித் தங்கச்சிக்கு மூன்று வயது இருக்கும். முந்தின கோடையில் தோணி பழுதாகிக் கொழும்பிலேயே நின்றதால் அப்பா வரவில்லை. நடுவில் வந்தாலும் அவள் தூங்கும்போது வந்து, விழிக்குமுன் போய்விடுவார்கள். "கடல்ல இருக்க அப்பாவக் கரை சேத்துவிடும் தாயே" என்று தினமும் செபமாலை முடிவில் அம்மா சொல்லவைத்த அப்பாவை மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் ஒரு சாயங்காலம், அப்பா பக்கத்திலேயே முழந்தாளில் இருக்க, அவள் உரக்கச் சொன்னாள்: "மாதாவே, எங்க அப்பாவ சீக்கிரம் கரை சேத்துவிடும். இந்த மாமாவையும் அவுக வீட்டுல கொண்டு சேத்துவிடும்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ஏளா கூறுகெட்டவளே, இதுதான் ஒங்கப்பா!" என்று அம்மா பதறினார்கள்.

"இல்ல. அப்பா கடல்ல இருக்காவ."

அப்பா அமைதியாகச் சிலுவை போட்டு, "ஆமென்" என்றார்கள். "விடுளா. இந்தப் பிள்ள செபம் பண்ணித்தான் நான் உயிரோட கெடக்கேன்."

அன்று அப்பா பாதிச் சோற்றோடு கை கழுவினார்கள். மறுபடி தோணி ஓடுமுன் பிள்ளை தன்னை அறியவேண்டுமே என்ற தவிப்பு. ஆனாலும் மிட்டாய் காட்டவில்லை, மடியில் இழுத்துப் போடவில்லை. மாமாவாகவே இருந்தார்கள்.

"மாமா, எங்கப்பாவத் தெரியுமா?"

"தெரியும் தாயி. கறுத்த ஆளு. கொறட்ட விட்டா தோணியே ஆடும்."

"எங்கப்பா கொறட்ட விடமாட்டாவ! அம்மா சொன்னாவ."

"நான் எப்பளா சொன்னேன்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

இப்படியே நாட்கள் நகர்ந்தன. ஒரு மத்தியானம் பாய்த்துணிக்கடியில் எல்லாரும் அரைத்தூக்கத்தில் கிடந்தோம். அவள் அப்பாவின் கையில் தலை வைத்திருந்தாள்.

"மாமா, நீங்க போகாண்டாம். இங்கனயே இருங்க."

"ஒங்கப்பா வந்தா ஏசமாட்டாவளா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நீங்களே அப்பாவா இருந்துக்கிடுங்க. மாதாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அப்பா துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். அது குலுங்கியது.

"அப்பா சிரிக்காவ" என்று அவள் எங்களிடம் சொன்னாள்.

முழங்கால் விட்டுப்போகும்வரை அப்பா கடலுக்குப் போனார்கள். கடைசியில் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், வந்து எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சாமியாருக்கும், பெட்டியைத் தோளில் தூக்கிய தோணிக்கார அண்ணாச்சிமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடலைத் திறந்துவைத்து எங்களுக்குச் சோறு போட்ட ஆண்டவருக்குத் தோத்திரம். கோடையில் அதை மூடிவைத்து எங்களுக்கு அப்பாவைத் தந்ததற்கு அதைவிடத் தோத்திரம்.

மூத்த மகன்