ஒலிவாங்கி இல்லாத சண்முகலிங்கம்

“இதோ, நாலு மலைகளை மூச்சு வாங்காமல் ஏறிய எங்கள் மலையரசி ரீச்சர் வருகிறார்!” என்று கார்த் தரிப்பிடத்திலேயே என்னை அறிவித்துவிட்டார் சண்முகலிங்கம். நாலு மலை என்ற கணக்கு, இலங்கைக்குப் போய்வந்து நான் கொடுத்ததுதான். கொஞ்சம் கூட்டிவிட்டேன். மூன்றின் உச்சிவரை வான் வண்டியே போயிற்று. நாலாவது, நுவரெலியாவில் நாங்கள் தங்கிய விடுதியின் மாடிப்படி. திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

பட்டம் சூட்டாமல் ஒரு மனிதரை அழைக்க அவருக்கு வராது. வாரநாட்களில் டொராண்டோவின் ரெக்ஸ்டேலில் கதவு செய்யும் தொழிற்சாலையில் வேலை. அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை திறந்திருக்க வேண்டும். கல்யாணமோ, பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடோ, மேடையில் ஒலிவாங்கியோடு நிற்பவர் அவர்தான். மணமகளின் மாமா ‘வர்த்தக மாமணி’, கேக் வெட்டும் பிள்ளை ‘வீட்டின் விடிவெள்ளி’. ஒருமுறை மண்டபத்தில் மின்சாரம் போனபோது வெறுங்குரலிலேயே விழாவை நடத்தி முடித்தார். அன்று தொலைவிலுள்ள ஒஷாவா நகரத்திலும் ஆட்கள் எழுந்து நின்று அட்சதை போட்டதாகக் கேள்வி.

விழா இல்லாத ஞாயிறுகளில் எங்கள் நடைக்குழுவோடு வருவார். அங்கும் நேர்முக வர்ணனைதான். “இடப்பக்கம் அணில் அம்மையார் மதிய போசனத்தில் இருக்கிறார்!”

“லிங்கம், அவவுக்கும் ஒரு பொன்னாடை போடன்,” என்பார் எட்வேட். தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரர். காது ஏற்கெனவே போனவர், ஆகவே கவலையில்லாதவர்.

இம்முறை நாங்கள் ஏற வந்த மலையில்தான் போன வருடம் அந்தக் குரல் வினையாயிற்று. டொராண்டோவுக்கு வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளைக் கவ்விக்கொண்டு சீடர் என்னும் பசுமைமாறா மரங்கள் வளைந்து நிற்கும். உச்சியிலிருந்து பார்த்தால் இலையுதிர்காலத்துக் காடு சிவப்பும் மஞ்சளுமாக ஏரிவரை இறங்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே தனியாக ஒரு பெரும்பாறை. அந்த நிலத்துப் பூர்வகுடி மக்களுக்கு அது முன்னோரோடு பேசும் இடம். அதையறியாமல் சண்முகலிங்கம் ஒலிபெருக்கிப் பெட்டியை உச்சியில் வைத்து, எங்களை ஒவ்வொருவராகப் பட்டத்தோடு மேலே அழைத்தார். கீழே பாறையடியில் ஒரு குடும்பம், இறந்துபோன தாய்க்காக வணங்கிக்கொண்டிருந்தது. பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

அந்தச் சமூகத்துப் பெண் லோர்னாதான் எங்கள் வழிகாட்டி. இம்முறை நிபந்தனையோடு வந்திருந்தார். இரட்டைச் சீடர் மரங்களிலிருந்து பாறைவரை பேச்சில்லை. பாறைக்கு முன்னால் மட்டும், வந்திருப்பது யாரென்று மெல்லச் சொல்லலாம். மீறினால் இனி எங்கள் குழுவுக்கு இந்த மலை இல்லை.

சண்முகலிங்கத்தின் முகம் சுருங்கியது. “நான் காருக்குள்ள இருக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ.”

அவருடைய மனைவி சந்திரவதனா விடவில்லை. “கலியாணம் கட்டின நாளிலயிருந்து உங்கட சத்தமில்லாமல் ஒரு பத்து நிமிசம் நடந்து பாக்க ஆசையாக் கிடக்கு. வாங்கோ.”

“வாய் திறக்காமல் இவன் ரெண்டாவது மரம் தாண்டான்,” என்றார் எட்வேட்.

தாண்டினார். தலைக்கு மேலே ஒரு மரங்கொத்தி, செங்கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு டொக் டொக்கென்று தட்டியது. சண்முகலிங்கத்தின் தோள்கள் உயர்ந்தன, மார்பு நிரம்பியது, பட்டம் தொண்டைவரை வந்துவிட்டது. சட்டென்று கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் சும்மா இருப்பேனா? கல்யாணக் கேக்கைப் போல அடுக்கடுக்காய் முளைத்திருந்த காளானைத் தடியால் சுட்டிக் காட்டினேன். என்னை முறைத்துவிட்டு மறுபக்கம் திரும்பினார். எட்வேட் ஈர இலையில் வழுக்கி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். மற்றவர்களின் வயிறு அடக்கிய சிரிப்பில் குலுங்க, சண்முகலிங்கம் ஒரு சொல் இல்லாமல் அவரைத் தூக்கி நிறுத்தி, பின்புறத்து மண்ணையும் தட்டிவிட்டார்.

பாறையடியில் லோர்னா காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலை வைத்தார். ஒவ்வொருவராகக் கிட்டப் போனோம். சண்முகலிங்கத்தின் முறை வந்தது. உதடுகள் அசைந்தன. மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் எட்டும் அந்தக் குரல், பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவும் நேரம் எடுத்தது.

இறங்கும்போது லோர்னா, காட்டுப் பூக்கள் பூக்கும், வசந்தத்திலும் வாருங்கள் என்றார். சந்திரவதனா கணவரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

கீழே பொரித்த ரோல்சும் தேநீரும் சுற்றி வந்தபோது எட்வேட் கேட்டார்: “கல்லிட்ட என்னவாம் சொன்னவன்?”

“‘மலைகளின் மாமணியே, காடுகளின் காவல் திலகமே’ எண்டு தொடங்கினவர். புகழ் தாங்கேலாமல் அந்தக் கல்லு வெக்கத்தில சிவந்துபோச்சு. என்ர கண்ணால பாத்தனான்,” என்றேன்.

சண்முகலிங்கம் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். சந்திரவதனாதான் வாயைத் திறந்தார்.

“சும்மா அளக்காதேங்கோ ரீச்சர். அடுத்த ஆளா நான்தான் பின்னால நிண்டனான். ‘நான் சண்முகலிங்கம். வரலாமோ?’ எண்டு கேட்டவர். கேட்டுப்போட்டு, தொப்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நிண்டவர்.”