‘சொல்லிவிட்டு’ என்று எழுதியிருக்கலாம்

எமர்ஜென்சி முடிந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, அலுவலகத்தை ஏன் இழுக்க வேண்டும்? அப்போது எனக்கிருந்த ஒரே பெருமை என் கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும். மேலிடத்துக்கு ஏதாவது எழுத வேண்டுமென்றால் அதிகாரி என்னைத்தான் கூப்பிடுவார். நானும் பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போய் நிற்பேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஊர் தனி, காலனி தனி. காலனியில் யாராவது இறந்துபோனால் ஏரிக்குள் இறங்கித்தான் மறுகரையில் இருக்கும் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். கோடையில் பரவாயில்லை. மழைக்காலத்தில் மார்பளவு தண்ணீர் நிற்கும். ஊர் ஓரமாக ஒரு வண்டிப் பாதை இருந்தது. அதில் காலனிக்காரர்கள் மாடு ஓட்டலாம், ஊர்க்காரர்களின் நெல் மூட்டையைத் தலையில் சுமந்து போகலாம். பிணமாக மட்டும் போகக் கூடாது.

அந்த வருடம் ஆடி மாதம் காலனியில் ஒரு சாவு. அங்கிருந்த இளவட்டங்கள் பாடையைப் பாதை வழியாகவே எடுத்தார்கள். கல் பறந்தது. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. ஒரு வைக்கோல் போர் எரிந்தது. போலீஸ் வந்து பத்து நாள் உட்கார்ந்தது. அதன் பிறகு காலனி ஆட்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. காலனியில் அடுப்பு எரியவில்லை, ஊரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க ஆளில்லாமல் நிலத்திலேயே முளைத்தது. இரண்டு பக்கமும் அலுத்துப்போன பிறகுதான் சமாதானப் பேச்சு என்று ஒன்று நடந்தது.

பள்ளிக்கூடத்தில் கூட்டம். பக்கத்துக்கு ஐந்து பேர். ஊர்த் தரப்பில் பேசியவர் ரைஸ் மில் வைத்திருந்தவர். சத்தம் போடாத மனிதர். காலனித் தரப்பில் நான்கு ஆண்கள், ஒரு பெண். அந்தம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷனுக்கு நெஞ்சு வியாதி, படுத்த படுக்கை என்று சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாஸில் டீ கொடுக்கச் சொன்னார் எங்கள் அதிகாரி. மில்காரர் வயிறு சரியில்லை என்று சொல்லி அதைத் தொடவேயில்லை.

நான்கு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அந்தம்மாதான் ஒரு வழி சொன்னார். “எங்கள்ல சாவு வுழுந்தா ஊர்ல வந்து ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்துக்கினு போறோம். சொல்லாம கொள்ளாம போவ மாட்டோம்.” மில்காரர், “சொல்லிட்டுப் போங்க, அது போதும்” என்றார். எல்லாருக்கும் உயிர் வந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பி, எழுதச் சொன்னார்.

கார்பன் வைத்து மூன்று பிரதி. ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. ‘சொல்லிவிட்டு’ என்ற இடம் வந்ததும் எனக்கு அது ரொம்பப் பேச்சு மொழியாகப் பட்டது. அரசாங்கக் காகிதத்துக்குக் கொஞ்சம் கம்பீரம் வேண்டாமா? ‘ஊராரின் அனுமதி பெற்று’ என்று எழுதினேன். அப்படி எழுது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாக்கியம் அழகாக இருந்தது, எழுதினேன். அவ்வளவுதான்.

உரக்கப் படித்துக் காட்டினேன். மில்காரர் ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா மட்டும், “சார், அந்த எடத்த இன்னொரு வாட்டி படிங்க” என்றார். படித்தேன்.

“நாங்க சொல்லிட்டுப் போறோம்னுதான ஒத்துக்கினோம். கேட்டுட்டுப் போறோம்னு சொல்லலியே.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. எழுத்துல அப்படித்தான் வரும்.”

“ஒண்ணுன்னா எங்க வார்த்தையவே போடுங்களேன் சார். எங்க வூட்டுக்காரரு இழுத்துக்கினு கெடக்குறாரு. அடுத்து அந்த வழியில போவப்போறது அவருதான்.”

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் என் எழுத்தில் குறை சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. பசி, கை வலி, நாலு மணி பஸ். மறுபடி எழுதுவதென்றால் முழுக்க முதலிலிருந்து எழுத வேண்டும். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலனி ஆள் ஒருவரே, “வுடுக்கா, முடிஞ்சி போச்சி” என்றார். அந்தம்மா இன்னும் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டு ரேகை வைத்தார். விரலில் இருந்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

கார்த்திகை வந்தது. தீபத்தன்று திருவண்ணாமலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிகாரிகள், போலீஸ், எல்லாருக்கும் டவுனுக்குள் கூட்ட வேலை. அன்று காலையில் காலனியிலிருந்து ஒருவர் வந்தார். அந்தம்மாவின் புருஷன் முந்தின நாள் சாயங்காலமே இறந்துவிட்டார், பாதையில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றார். “நீதான எழுதின, நீயே போய்ப் பேசு” என்று என்னையும் ஒரு கான்ஸ்டபிளையும் அனுப்பினார் அதிகாரி.

நாங்கள் போய்ச் சேரும்போது மத்தியானம். தூறிக்கொண்டிருந்தது. பாதையின் குறுக்கே நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். யார் கையிலும் கம்பு இல்லை. யாரும் கத்தவில்லை. அந்தப் பக்கம் பாடையைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். யாரோ அதன்மேல் ஒரு கோணிப்பையைப் போர்த்தியிருந்தார்கள்.

மில்காரர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் கையெழுத்து. மழையில் ஒரு சொட்டுகூடப் படாமல் வைத்திருந்தார்.

“நாங்க எதையும் மீறல சார். அனுமதி பெற்றுன்னு போட்டிருக்கு. வந்து கேட்டாங்க. தீபத்தன்னிக்கு வேணாம்னு சொல்லிட்டோம்.”

“அன்னிக்கு பேசினது சொல்லிட்டுப் போறதுதானேங்க” என்றேன்.

“பேசினது யாருக்கு சார் ஞாபகம் இருக்கு? எழுதினது நீங்கதான.”

அவர் குரலில் மரியாதை குறையவே இல்லை. கான்ஸ்டபிள் என் காதருகே வந்து, தான் ஒரே ஆள் என்பதை ஞாபகப்படுத்தினார். நான் பாடைக்கு அந்தப் பக்கம் போனேன். நாளைக்கு எடுக்கலாமா என்று அந்தம்மாவிடம் கேட்டேன். என்ன தைரியத்தில் கேட்டேனோ தெரியவில்லை. “நேத்தே போயிட்டாரு சார். இன்னும் எத்தினி நாளு வெச்சிக்கினு இருக்கறது?” என்றார்.

சுற்றி நின்ற இளவட்டங்களின் முகம் சிவந்து கிடந்தது. இன்னும் ஒரு வார்த்தை விழுந்தால் கல் பறக்கும் என்று எனக்கே தெரிந்தது. அந்தம்மா அவர்கள் பக்கம் திரும்பி, “தண்ணியிலயே எடுங்கடா. இன்னொரு மண்ட ஒடைய வேணாம்” என்றார். அழுதுகொண்டு சொல்லவில்லை. வேலைக்கு ஆள் பிரித்து அனுப்புகிறவர் மாதிரிச் சொன்னார்.

எடுத்தார்கள். ஏரி நிறைந்திருந்தது. இடுப்பு, வயிறு, மார்பு என்று தண்ணீர் ஏற ஏற, பாடையைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்கினார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. மாலை கழன்று தண்ணீரில் விழுந்து தனியாகப் போயிற்று. பிடித்து நிறுத்திக்கொண்டு மேலே போனார்கள். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். அந்தம்மாவும் என் பக்கத்தில்தான் நின்றார். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை.

அந்தச் சேற்றில் குழி வெட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மழை விட்டிருந்தது. ஆறு மணிக்குத் தூரத்தில் மலை உச்சியில் தீபம் தெரிந்தது. ஊர்ப் பக்கம் “அரோகரா” என்று சத்தம். மறுகரையில் மண் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என் கையும் பழக்கத்தில் மேலே போயிற்று. அந்தம்மா மலையைப் பார்க்கவில்லை. மறுகரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போகும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “படிச்சவங்க சொன்னாங்க சார், உங்க எழுத்து ரொம்ப அழகா இருக்குதாம்.” குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டும். ‘அசம்பாவிதம் ஏதுமின்றி அமைதியாக நடந்து முடிந்தது’ என்று அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாது. ஒரு கல்கூட எறியப்படவில்லை. அந்த அமைதியை யார் தூக்கிச் சுமந்தார்கள் என்று எழுத அறிக்கையில் இடமில்லை, எனக்கும் துணிச்சல் இல்லை.

மனசு கேட்காமல் இரண்டு வாரம் கழித்து அந்த கிராமத்தின் பழைய நில வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாதை அரசாங்க நிலம், பொது வண்டிப் பாதை என்று தெளிவாகக் கிடந்தது. அதில் போக யாரையும் கேட்கவும் வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம். வரைபடம் இருந்த அலமாரி என் நாற்காலியிலிருந்து பத்தடி தூரம். முறைப்படி ஒரு நகல் எடுத்து, முத்திரை வைத்து, நானே கொண்டுபோய் அந்தம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “இது அன்னிக்கே இருந்துச்சா சார்?” என்று கேட்டார். இருந்தது என்றேன். உள்ளே போய்விட்டார்.

மனு மேல் மனு போட்டு, சில வருடம் கழித்து அந்தப் பாதை திறந்தது என்று கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு வேறு ஊரில் வேலை. அதில் முதலில் பாடையில் போனது யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வார்த்தை ஏன் என் பேனாவில் வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என் அப்பா இறந்தபோது மேளத்தோடு நடுத் தெருவில் எடுத்துப் போனோம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அனுமதி என்பது என் வீட்டுக்காரர்கள் கொடுத்துப் பழகிய சாமான், வாங்கிப் பழகியதல்ல. அதனால்தான் அது எனக்கு வெறும் அழகான வார்த்தையாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது ரிட்டயராகிவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால் போதும், “எங்க போறீங்க, சொல்லிட்டுப் போங்க” என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுப்பாள். எல்லார் வீட்டிலும் தினம் கேட்கிற பேச்சுதான். எனக்கு மட்டும் அது காதில் விழும்போதெல்லாம், அவ்வளவு சாதாரணமான ஒரு வார்த்தையைத்தானே அந்தம்மா என்னிடம் எழுதித் தரச் சொன்னார் என்று கால் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.