அமுதவல்லி காயவிட்ட வயல்

மதுராந்தகத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது அமுதவல்லியின் தங்கை அழைத்தார். "அக்கா காலையில போயிட்டாங்க சார்" என்றார். உடனே, "அங்க மழை இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த வீட்டில் யார் பேசினாலும் மழையில்தான் பேச்சு வந்து நிற்கும்.

அமுதவல்லி ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் நெல் ரகங்களை ஒட்டுச் சேர்த்து, வறட்சி தாங்கும் ரகத்தைத் தேடியவர். நான் அதே பண்ணையில் மண் ஆய்வாளன். செங்கல்பட்டுப் பக்கம் மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைப்பார்கள். முதல் மழையில் முளைத்த பயிர் ஏரி நிரம்பும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த இடைப்பட்ட நாட்களில் செடிக்குள் என்னதான் நடக்கிறது என்பது அவரை விடாமல் துரத்திய கேள்வி.

ஒருமுறை பண்ணை ஊழியர்கள் எல்லோரும் மாமல்லபுரம் போயிருந்தோம். நாங்கள் வறுத்த மீனுக்காகக் காத்திருக்க, அவர் மணல்மேட்டில் மண்டியிட்டு, இராவணன் மீசைப் புல்லின் அடியைக் கிளிஞ்சலால் தோண்டிக்கொண்டிருந்தார். மீன் கூடையோடு வந்த அம்மாள், "இன்னாம்மா தொலைச்சே?" என்று கேட்டார். "எதையும் தொலைக்கலம்மா. இது எதைக் குடிச்சிட்டு உயிரோட இருக்குன்னு பாக்கறேன்" என்றார் அமுதவல்லி. அந்த அம்மாளும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். எங்கள் மீன் ஆறிப்போனது.

அமுதவல்லியை அறிந்த நம்மில் பலருக்கு ஏகாம்பரம் விவகாரம் அரைகுறையாகத்தான் தெரியும். ஒரு கோடையில், கதிர் வரும் பருவத்தில், சோதனை வயலுக்கு வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தியிருந்தோம். எந்த ரகம் கடைசிவரை பச்சையாக நிற்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். அந்த முடிவை வைத்துத்தான் அடுத்த ஆண்டுக்கான நிதி வரும். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், பாத்தியெல்லாம் தண்ணீர் தளும்பி நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் ஏகாம்பரம் தன் மோட்டாரைத் திருப்பி விட்டிருந்தார்.

அவர் மறைக்கவில்லை. "பயிரு கருகிக்கினு கீது. தெனம் பாத்துக்கினு போவ மனசு வரல மேடம்" என்றார். நான் சண்டைக்கே தயாராகிவிட்டேன். அமுதவல்லி வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எப்ப தண்ணி விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். விடியக்காலை என்றார் ஏகாம்பரம்.

அன்று பொழுது சாயும்வரை அமுதவல்லி வரப்பை விட்டு நகரவில்லை. சுருண்டிருந்த இலைகள் எந்தப் பாத்தியில் முதலில் விரிகின்றன என்று குறித்துக்கொண்டே இருந்தார். அடுத்தடுத்த நாட்களிலும் அதே வேலைதான். நாங்கள் கைவிட்டிருந்த, பாதி கருகிய ஒரு ரகம் எல்லாவற்றுக்கும் முந்தி அடியிலிருந்து புதுத் தூர் விட்டது. பச்சையாகவே நின்றிருந்த சில ரகங்கள் அப்படியே சோர்ந்து கிடந்தன. "தாகத்தைத் தாங்கறது ஒரு குணம் சார். தண்ணி வந்ததும் எழுந்து நிக்கிறது வேற குணம். இத்தனை நாளா நாம முதல் குணத்தை மட்டும் தேடியிருக்கோம்" என்றார்.

திட்டப்படி முடிவு கிடைக்காததால் நிதி வரவில்லை. இருந்தும், கையகல நிலத்தில் அவர் அந்தப் பாதி கருகிய ரகத்தின் விதையைப் பெருக்கினார். காயவிட்டு, நனைத்து, மறுபடி காயவிட்டு. நல்ல மழைக்காலத்தில் அதன் விளைச்சல் மற்ற ரகங்களைவிடக் குறைவு. அதனால் அது ரகமாக வெளியிடப்படவில்லை. ஆனால் ஏரித் தண்ணீர் எட்டாத கடைமடைத் துண்டில் ஏகாம்பரம் இன்றும் அதைத்தான் விதைக்கிறார். மழை ஏமாற்றும் வருடத்தில் சோறு போடுவது அதுதான் என்கிறார்.

போன மாதம் கூடுவாஞ்சேரி வீட்டில் அமுதவல்லியைப் பார்த்தேன். நோயில் மிகவும் மெலிந்திருந்தார். பசி போய்விட்டது, தாகம் மட்டும் போகவில்லை என்றார். "எது முதல்ல போகுது, எது கடைசிவரைக்கும் நிக்குதுன்னு பாத்துட்டிருக்கேன் சார்."

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும். எனக்குப் பாக்கறதுக்கு வேலை இருக்கு."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பதிலைத்தான்.