ஏகாதசியன்று போட்ட கையெழுத்து

412. இந்த எண்ணை மறக்காதீர்கள். பதினோரு வருஷத்தில் அழகியமணவாளன் கையெழுத்திட்ட அரிசி ஏற்றுமதிச் சான்றுகள் இத்தனை என்கிறது அலுவலகப் பதிவேடு.

சின்ன காஞ்சிபுரத்துக்காரர். அரசு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வாளர். ஈரப்பதத்தைக் கருவி சொல்லிவிடும், மக்கல் வாடையைச் சொல்லாது என்பார். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பிடி எடுத்துத் தானே வடித்து, மென்று பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். ஏகாதசியன்று சோறு தொடமாட்டார். அன்று வந்த அரிசி மறுநாள்வரை காத்துக் கிடக்கும். வேறு யாரையாவது மெல்லச் சொல்லலாமே என்றால், இன்னொருவர் நாக்குக்குத் தான் கையெழுத்துப் போட முடியாது என்பார். அவ்வளவு வீம்பு.

அலுவலக உதவியாளர் கலியாணசுந்தரம் லாரிக்காரர்களிடம் சொல்வார்: "சார் வந்துக்கீறாருபா. நாக்குதான் லீவு."

2001இல் மலேசியாவுக்குப் போன அரிசி, மக்கல் என்று திரும்பி வந்தது. சான்றில் அவர் கையெழுத்து. காசுக்குக் கை நீட்டிவிட்டார் என்று ஊர் பேசியது. பணியிடை நீக்கம் செய்தார்கள். சன்னதித் தெருவில் வணக்கம் சொன்னவர்கள் முகத்தைத் திருப்பினார்கள்.

ஊழியர் சங்கச் செயலாளர் நான். வழக்கை எடுத்ததும் சான்றின் தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். ஏகாதசி. அன்றைக்கு அவர் அரிசிக்குச் சான்று தரமாட்டார் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அப்படியானால் கையெழுத்து போலி. கலியாணசுந்தரம் சாட்சி சொல்லத் தயார். கையெழுத்து தன்னுடையதல்ல என்று அழகியமணவாளன் மறுத்தால் போதும், ஜெயித்துவிடலாம்.

விசாரணை அறைக்கு வெளியே அவரைக் கடைசியாக ஒருமுறை கேட்டுக்கொண்டேன்.

"என்னுது இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு சார். மீதிய நான் பாத்துக்கறேன்."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே அதிகாரி சான்றை அவர் பக்கம் நகர்த்தி, கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். அவர் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். நான் பஞ்சாங்கத்தை அந்தத் தேதியில் பிரித்து வைத்துக்கொண்டேன்.

"என்னோடதுதான். கப்பல் போயிடும்னு மில்லுக்காரர் வந்து நின்னுண்டிருந்தார். அம்பது தடவை மென்னு பாத்த மில்லு. அன்னிக்கு மெல்லாமலே போட்டுட்டேன். காசு வாங்கலை."

லஞ்சம் நிரூபணமாகவில்லை. கடமை தவறினார் என்று எழுதி, சான்று தரும் அதிகாரத்தைப் பறித்து, வேறு பிரிவில் உட்காரவைத்தார்கள். ஜெயிக்க வேண்டிய வழக்கு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓய்வுபெற்ற நாளில், மொத்தம் 412 சான்றுகள் என்று மேடையில் வாசித்தார்கள். அவர் எழுந்து நின்று திருத்தினார்.

411.